பேட்டரி வண்டி வந்த ஐப்பசி

“ஓட்டப் போறவன் நீ. டீசலா, பேட்டரியான்னு நீ சொல்லுததுதான்” என்றார் சுந்தரபாண்டியன் அண்ணாச்சி. சொல்லிவிட்டு, தலைச்சுமையை இறக்கி வைத்த ஆள் மாதிரி கழுத்தை ஒரு சொடுக்குச் சொடுக்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனார். சுமை இப்போது நந்தகோபாலின் தலையில் இருந்தது.

கோவில்பட்டிக்கு மேற்கே, கரிசல் காட்டை ஒட்டி இருந்த அந்தத் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு, ஊர்ப் பேச்சில் ஆபீஸுக்கு, ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட்தான். தூத்துக்குடித் துறைமுகத்தில் கழித்துப்போட்ட டீசல் வண்டி. ஏலத்தில் எடுத்துவந்த நாளிலிருந்து பதினோரு வருடமாக நந்தகோபால்தான் ஓட்டினான். இரும்புக் கை இரண்டையும் பலகைக்கு அடியில் நுழைத்து, அதில் அடுக்கிய தீப்பெட்டிப் பண்டல்களை அப்படியே தூக்கி லாரிக்குக் கொண்டுபோக வேண்டும். 2003-ஆம் வருடம் ஐப்பசி பிறக்கும்போது அதற்கு நல்ல மூப்பு வந்திருந்தது. காலையில் கிளப்பினால் கரும்புகையைக் கக்கி, குடோனில் இருக்கிற எல்லோரையும் இருமவைத்த பிறகுதான் நகரும். தீப்பெட்டிக்குப் பக்கத்தில் பொறி பறந்துவிடக் கூடாதே என்று புகைக்குழாய் வாயில் ஒரு வலைக்கூண்டு மாட்டியிருந்தார்கள். கூண்டு பொறியைப் பிடித்தது. புகையை என்ன செய்ய?

புது வண்டி வாங்குவது என்று ஆகிவிட்டது. மதுரைக் கம்பெனிக்காரர்கள் பேட்டரியில் ஓடுகிற வண்டி ஒன்றை, ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒத்துவராவிட்டால் புது டீசல் வண்டி தருவதாகப் பேச்சு.

நந்தகோபாலுக்குப் பேட்டரி வண்டியைப் பார்த்தவுடனே பிடித்துப்போயிற்று. அதுதான் சங்கடம். சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. மிதித்தால் பூனை மாதிரி போனது. பாரத்தைத் தூக்கும்போது மட்டும் தூக்கம் கலைந்த பிள்ளை மாதிரி ஒரு முனகல். புகை இல்லை, அதிர்வு இல்லை. சாயங்காலம் இறங்கினால் இடுப்பு இடுப்பாகவே இருந்தது.

முதல் நாள் அவன் அதைக் குடோனுக்குள் கொண்டுவந்தபோது பேபியக்கா எழுந்து நின்று கும்பிட்டாள். பண்டல் போடும் பதினாறு பெண்களில் அவள்தான் மூத்தவள், வாய்க்கும் மூத்தவள்.

“என்ன நந்தகோவாலு, வண்டி கெளம்பிட்டா இல்லியா? ஒண்ணும் கேக்கலியே.”

“ஓடிக்கிட்டுதான் இருக்குக்கா.”

“என் வீட்டுக்காரரையும் இப்படி ஒரு பேட்டரியில மாட்டிக் குடுக்கச் சொல்லு. சத்தமில்லாம வேலை பாக்கட்டும்.”

குடோன் சிரித்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியான சீனித்தாய், புகை ஒத்துக்கொள்ளாமல் இரண்டு மாதமாக வெளித் தாழ்வாரத்தில் வெயிலில் உட்கார்ந்து வேலை பார்த்தவள், அன்றைக்குத்தான் உள்ளே தன் பழைய இடத்துக்கு வந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். வரிசையின் கடைசியில் இருந்த வள்ளித்தாய் மட்டும் சிரிக்கவில்லை. நந்தகோபாலும் சிரிக்கவில்லை.

வள்ளித்தாய்க்குக் காது கேட்காது. அந்த ஆபீஸில் அது நந்தகோபால் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும்.

பதினாறு வயதில் நூல் மில்லுக்குப் போனவள் அவள். பத்து வருடம் அந்த இரைச்சலுக்குள் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. ஆனால் மில்லில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். அந்தப் பழக்கம் அவளுக்குக் கை கொடுத்தது. எதிரில் நின்று பேசினால் ஒரு சொல் தவறாமல் பதில் சொல்லுவாள். முதுகுப் பக்கம் பேசினால் தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்குவாள். அந்தப் பேரை அவளும் மறுத்ததில்லை. தம்பியைப் படிக்கவைத்து ஆளாக்கி முடிப்பதற்குள் முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. அம்மாவும் அவளும் இடைசெவலில் இருந்தார்கள். இந்த வேலையில்தான் அடுப்பு எரிந்தது.

நந்தகோபாலுக்கு அது தெரியவந்ததே ஒரு தப்பில்தான். அந்தக் குடோனில் பெண்கள் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் வேலை செய்வார்கள். லாரிக்காரர்களோடு பேச்சு வளரக் கூடாதென்று அண்ணாச்சியின் அப்பா காலத்தில் போட்ட சட்டம். அவர் போய்ப் பல வருடமாகியும் வரிசை திரும்பவில்லை. கட்டிய பண்டலைத் திரும்பிப் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் கிடக்கும் பலகையில் வைப்பார்கள். வண்டிச் சத்தம் வந்தால் கையை இழுத்துக்கொண்டு, முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொள்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், டீசலை மிச்சம் பிடிக்கிற எண்ணத்தில் நந்தகோபால் சரிவில் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியை உருட்டிவந்தான். சக்கரத்தின் கடகடப்பிலேயே பதினைந்து கைகள் விலகின. பதினாறாவது கை பலகைமேல் பண்டலை வைத்தது. இரும்புக் கைக்கும் அந்தக் கைக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

இறங்கி ஓடி, “ஏட்டி, காது செவிடா” என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. தோளைத் தொட்டபோதுதான் திரும்பினாள். அவள் பார்வை அவன் கண்ணுக்கு வராமல் வாயில் வந்து நின்றது. கேட்ட கேள்வியை மறுபடி கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

“யாருட்டயும் சொல்லிராதீங்க” என்றாள் அவள், மெதுவாக. “எஞ்சின் ஓடுனா தரை அதிரும். அது எனக்குத் தெரிஞ்சிரும். இன்னைக்கு நீங்க அணைச்சுட்டீங்க.”

அன்றைக்கு எஞ்சினை அணைத்ததை விட்டவன்தான். அவள் இடத்துக்கு நாலு கஜம் முன்னால் வந்ததும் ஒருதடவை அழுத்தி மிதிப்பான். வண்டி உறுமும், தரை நடுங்கும், அவள் கை விலகும். ‘வள்ளித்தாய் பக்கம் போனா மட்டும் வண்டிக்குக் கோபம் வருது’ என்று பேபியக்கா கேலி செய்வாள். மற்ற இளவயசுப் பெண்கள் அவனை அண்ணன் என்று கூப்பிட, வள்ளித்தாய் மட்டும் இரண்டு வருடமாக எந்த முறையும் வைத்துக் கூப்பிட்டதில்லை. அது ஏன் என்று நினைத்துப் பார்ப்பதே அவனுக்குப் போதுமான சுகமாக இருந்தது. முப்பத்தெட்டு வயது வரைக்கும் அதற்கு மேல் அவன் எதையும் கேட்டு வாங்கியதில்லை.

இப்போது தரை நடுங்காத வண்டி வந்துவிட்டது. ஹாரன் அடித்தால் பதினைந்து பேருக்கு உதவும். அந்தக் கீச்சுச் சத்தம் அவள் காதுக்கு எட்டவே எட்டாது. நந்தகோபால் ஆமை மாதிரி ஓட்டினான். அவள் இடம் வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, பலகையைச் சரிசெய்கிற மாதிரி அவள் கண்ணில் பட்டுவிட்டு, மறுபடி ஏறித் தூக்கினான். அவளும் நொடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் நாள் அவள் போட்ட பண்டல் மற்றவர்கள் போட்டதில் பாதிதான்.

அண்ணாச்சியின் மருமகன் இசக்கிராஜாதான் குடோன் மேற்பார்வை.

“என்ன நந்தகோபால், மாப்பிள்ளை ஊர்வலமா? ஒரு லாரிக்கு ரெண்டு மணி நேரமா ஏத்துதீங்க?”

“புது வண்டி. கை பழகணும்.”

“அந்தக் கடைசி அம்மாவுக்கு என்னவாம்? சும்மா சும்மா திரும்பிப் பாக்குது.”

நந்தகோபால் வண்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தான். போன வருடம் சுமை தூக்கும் சண்முகராஜுக்குக் காது மந்தம் என்று தெரிந்த அன்றைக்கே இசக்கிராஜா அவனைக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டான். ‘வண்டி போற எடத்துல காது கேக்காத ஆளை வச்சிருந்து, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான்லா பதில் சொல்லணும்’ என்றான். அவன் சொன்னதில் தப்பும் இல்லை. அதுதான் பயமே.

பேட்டரி வந்தால் வள்ளித்தாய்க்கு வேலை போகும். அல்லது கை போகும். வேண்டாம் என்று சொல்லவோ ஒரு காரணம் வேண்டும். வானம் அதைக் கொடுத்தது.

நாலாம் நாள் மத்தியானம் நல்ல மழை. மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். குடோன் வாசலுக்கும் லாரி நிற்கும் இடத்துக்கும் நடுவில் முப்பதடி வெறும் கரிசல் தரை. நடுவே சரளை போட்ட பாதை உண்டு. டீசல் வண்டி அதில்தான் போய்வரும். வெயில் பட்டதும் கரிசல், மேலே பொருக்குத் தட்டிக் காய்ந்த மாதிரி காட்டும். அடியில் களிமண் வெண்ணெயாக இருக்கும். நந்தகோபால் பாரத்தோடு பேட்டரி வண்டியைச் சரளைப் பாதையிலிருந்து ஒரு முழம் விலக்கி இறக்கினான். பேட்டரியின் கனம், பாரத்தின் கனம், சின்னச் சின்னச் சக்கரம். வண்டி, சம்மணம் போட்டு உட்காருவது மாதிரி மெதுவாக வயிறு வரை உள்ளே போயிற்று.

அதை வெளியே இழுக்க டிராக்டரும் பத்து ஆட்களும் வேண்டியிருந்தது. அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றார்.

“நம்ம மண்ணுக்கு இது ஆகாது அண்ணாச்சி” என்றான் நந்தகோபால். “இது சிமெண்டுத் தரையில ஓடுத சாமான். டீசல் வண்டிச் சக்கரம் பெருசு, தாங்கும்.”

அவர் சேற்றில் கிடந்த வண்டியையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார்.

“நல்ல வண்டியா இருந்துச்சு. சரி, நீ சொன்னா சரிதான். மதுரைக்குப் போனைப் போட்டு, டீசலையே அனுப்பச் சொல்லிருவோம்.”

செய்தி குடோனுக்குள் போயிற்று. சீனித்தாய் தண்ணீர்ப் பாட்டிலையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே தாழ்வாரத்துக்கு நடந்தாள். பழைய டீசல் வண்டி கரும்புகையோடு உள்ளே வந்தது. நாலு கஜம் முன்னால் நந்தகோபால் அழுத்தி மிதித்தான். வள்ளித்தாய் கையை இழுத்துக்கொண்டாள். ஆனால் அவன் பலகையைத் தூக்கிக்கொண்டு போகும் வரை தலையைக் குனிந்தபடியே இருந்தாள்.

சாயங்காலம் ரோட்டில் டவுன் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவளே அவனிடம் வந்தாள். வந்தவள் சுற்றிப்போய், அவன் முகத்தில் வெயில் விழுகிற மாதிரி நின்றுகொண்டாள். அவன் கண்ணைச் சுருக்கினான்.

“உங்களுக்கு எந்த ஊரு?” என்றாள்.

“என்ன புதுசா கேக்குதீங்க? புதூரு.”

“உங்க அப்பா என்ன செஞ்சாவ?”

“ஆடு. இருந்த காட்டுல கொஞ்சம் உளுந்து, பருத்தி.”

“மழை பேஞ்ச மறுநாள் எந்த எடத்துல ஆட்டை இறக்கலாம், எந்த எடத்துல இறக்கக் கூடாதுன்னு அஞ்சு வயசுல தெரிஞ்சிருக்கும். புதூர்க்காரருக்கா களி தெரியாது?”

நந்தகோபால் ரோட்டைப் பார்த்தான்.

“என்னையப் பாத்துச் சொல்லுங்க. அங்கன பாத்தா எனக்கு வெளங்காது.”

அவன் திரும்பினான். “தெரிஞ்சுதான் இறக்குனேன்.”

“எனக்காகவா?”

“வேற யாருக்கு?”

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண் கலங்கிய மாதிரி இருந்தது. வந்த சொல்லில் அது இல்லை.

“ரெண்டு வருசம் யாருட்டயும் சொல்லாம இருந்தீங்க. அது உதவி. அதை மறக்க மாட்டேன். ஆனா எனக்காக சீனித்தாய் வயித்துப்பிள்ளை புகை குடிக்கணுமா? அவ இன்னைக்குத் தூக்கை எடுத்துட்டு வெயிலுக்குப் போனா. நான் நிழல்ல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன். நாளைக்கு அந்தப் பிள்ளை மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“வேலை போயிரும்ங்க.”

“போனா போவுது. நாளைக்கு நானே அண்ணாச்சிட்ட சொல்லிருதேன்.”

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவனும் அதே பஸ்ஸில்தான் போக வேண்டும். ஆனால் ஏறத் தோன்றவில்லை. கோவில்பட்டி வரை நடந்தே போனான். மண் வாசனையும் ஈரக் காற்றும் இருந்தன. ‘போனா போவுது’ என்று அவள் சொன்னபோது அவள் விரல்கள் சாப்பாட்டுக் கூடையின் காதை எப்படி இறுக்கின என்பது மட்டும் வழியெல்லாம் கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் ஆபீஸ் அறையில் அண்ணாச்சி, இசக்கிராஜா, வள்ளித்தாய். கூப்பிடாமலே நந்தகோபால் போய் நின்றான். காரணமே இல்லாமல் பேபியக்கா கதவோரம் வந்து நின்றாள்.

வள்ளித்தாய் சுற்றி வளைக்கவில்லை. “எனக்குக் காது கேக்காது அண்ணாச்சி” என்று ஆரம்பித்து, மில்லையும், தரை அதிர்வதையும், வாயைப் பார்ப்பதையும் சொன்னாள். “மறைச்சது தப்பு. ஆனா எனக்காக டீசல் வாங்க வேண்டாம்.”

அண்ணாச்சி வாயைத் துண்டால் துடைத்தபடியே என்னவோ சொன்னார்.

“துண்டை எடுத்துட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி. வாய் தெரியல.”

அவர் துண்டைச் சட்டென்று மேஜைமேல் வைத்தார். “இத்தனை நாளா எப்படித் தாயி சமாளிச்சேன்னு கேட்டேன்.”

“அவ மட்டும் சமாளிக்கல” என்றான் நந்தகோபால். “நான் தெரிஞ்சுதான் வண்டியைக் களியில இறக்குனேன்.”

“ஏலே” என்றார் அண்ணாச்சி. “புது வண்டியைச் சேத்துல சொருவிட்டு, எனக்கே கரிசப் பாடம் எடுத்தியே. கரிசக்காட்டுல பொறந்த நானும் தலையைத் தலையை ஆட்டுனேன் பாரு.”

இசக்கிராஜா குறுக்கே வந்தான். “மாமா, காது கேக்காதவங்களைக் குடோன்ல வைக்க முடியாது. சண்முகராஜுக்கு ஒரு ஞாயம், இவியளுக்கு ஒரு ஞாயமா?”

“சுவரைப் பாத்து உக்காந்தா வைக்க முடியாதுதான்” என்றாள் வள்ளித்தாய். “பாதையைப் பாத்துத் திருப்பி உக்கார வச்சா எனக்கு எதுக்குக் காது? பலகை முதுகுக்குப் பின்னால கிடக்குதது முன்னால கிடக்கட்டும். வண்டி வரும்போது எல்லாரும்தான் பாக்கலாமே. சண்முகராஜையும் அப்படி ஒரு எடத்துல உக்கார வச்சிருக்கலாம்.”

இசக்கிராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டான். அண்ணாச்சி மோவாயைத் தடவினார்.

“அப்பா போட்ட ஏற்பாடு. லாரிக்காரனைப் பாத்துக்கிட்டே இருந்தா வேலை ஓடுமா?”

கதவோரத்திலிருந்து பேபியக்கா சொன்னாள்: “அவனுவ மூஞ்சியைப் பாத்தா எவளுக்கும் வேலையிலதான் மனசு போவும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்.

பேட்டரி வண்டிக்கு இன்னும் இரண்டு நாள் தவணை இருந்தது. இரண்டு நாளும் வரிசையின் கடைசி நாலு பேரை மட்டும் திருப்பி உட்காரவைத்துப் பார்ப்போம் என்றார் அண்ணாச்சி. கடைசியில் பதினாறு பேரும் திரும்பிவிட்டார்கள். ஒருத்திக்குத் தெரியும் காட்சி இன்னொருத்திக்குத் தெரியாமல் இருந்தால் சண்டை வராதா? கைகள் தடுமாறின, முதல் நாள் பண்டல் குறைந்தது. இரண்டாம் நாள் சரியாக வந்தது. வள்ளித்தாயின் பண்டல்கள் பழைய எண்ணிக்கையைத் தாண்டின. மதுரைக்குப் பேசி, டீசல் வேண்டாமென்று சொன்னார்கள். வாசலிலிருந்து லாரி நிற்கும் இடம் வரை கான்கிரீட் போட முடிவாயிற்று. அதில் ஜல்லி சுமக்க நாலு ஞாயிற்றுக்கிழமை நந்தகோபாலுக்குச் சம்பளமில்லாத வேலை என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சண்முகராஜும் வந்து சட்டி பிடித்தான். அவனை இசக்கிராஜாவே ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தான்.

கார்த்திகைக் கடைசியில் சொந்த வண்டி வந்து இறங்கியது. அதற்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, குடோனுக்குள் கொண்டுவந்தார்கள். சீனித்தாய் தன் இடத்தில் இருந்து சாக்லேட் தின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. நந்தகோபால் தனக்குத்தானே பேசிக்கொண்டுதான் வண்டி ஓட்டுவான். பதினோரு வருடமாக டீசல் எஞ்சின் அதை மூடி வைத்திருந்தது. அவனுக்கே அது தெரியாது.

“நந்தகோவாலு, மெதுவா, மெதுவா, எடதுபக்கம்” என்று பேபியக்கா அவன் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். பெண்கள் பண்டலைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவன் வெட்கப்பட்டுக் குரலை இறக்கிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் அது வெறும் உதட்டசைவாகத் தேய்ந்துவிட்டது. இனி யாருக்கும் கேட்காது என்று நிம்மதியாக ஓட்டினான்.

கடைசி லாரிக்குப் பாரம் எடுக்க வந்தபோது, குடோனின் அந்தக் கோடியில் நின்று பலகையை மெல்லத் தூக்கினான். அவன் உதடு அதன்பாட்டுக்கு அசைந்துகொண்டிருந்தது. ‘கேட்டுர வேண்டியதுதான். அம்மாவக் கூட்டிக்கிட்டு இடைசெவலுக்கு வரட்டுமான்னு கேப்போம். இப்ப வேண்டாம். மார்கழி பொறக்கப் போவுது, நல்ல காரியம் பேசக் கூடாது. தை வரட்டும், தையில கேப்போம்.’

“கார்த்திகை முடிய இன்னும் நாலு நாள் கெடக்கே” என்றாள் வள்ளித்தாய்.

தன் குரல் எவ்வளவு தூரம் போகிறதென்று அவளுக்குத் தெரியாது. அது குடோனின் அந்தக் கோடிவரை கேட்டது. பதினைந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு, அவள் யாரைப் பார்க்கிறாள் என்று பார்த்தார்கள். நந்தகோபாலின் கை லீவரிலேயே இருந்தது. தூக்கிய பாரத்தை இறக்க மறந்து, அவன் அவள் முகத்துக்கு நேராக, வாய் நன்றாகத் தெரிகிற மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான்.